சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே 120 படி: மலைச்சரிவில் விஞ்ச் டிராலி அமைக்கும் முறை

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பாதி வீடுகள் சாலைக்குக் கீழேதான் இருக்கின்றன. வண்டி மேலே நிற்கும், வாசல் 20 மீட்டர் கீழே இருக்கும். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் அந்தப் படியில்தான் இறங்கி ஏற வேண்டும். இதற்குத் தீர்வு புதிதல்ல. பழனி மலைக்கோயிலில் ஓடும் விஞ்சும், ஊட்டி அருகே கிளன்மார்கனில் மின்வாரியத்தின் விஞ்சும் இதே வேலையைத்தான் செய்கின்றன: சரிவில் தண்டவாளம், மேலே கயிறு சுற்றும் டிரம், நடுவில் எஃகுக் கயிறு, அதன் முனையில் டிராலி. வீட்டுக்கு அதன் சிறிய வடிவம் போதும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது 42 மீட்டர் நீளமுள்ள 30 டிகிரி சரிவு. உயர வித்தியாசம் 21 மீட்டர், படி கட்டினால் சுமார் 120 படி. டிராலியின் எடை 200 கிலோ, ஏற்றும் சுமை 300 கிலோ. உங்கள் இடம் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் போடும் வழி மாறாது.

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். "இது சாமான் டிராலிதான், ஆள் ஏறக் கூடாது" என்று பலகை எழுதி மாட்டிவிட்டு மலிவாகச் செய்துகொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு 120 படி ஏற வேண்டியவர் முன்னால் காலி டிராலி நின்றால் ஏறத்தான் செய்வார். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆள் ஏறும் வண்டி என்றே வைத்துக் கயிறு, பிரேக், கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்தும் பிடிப்பான் எல்லாவற்றையும் போடுங்கள். முறையாக ஆள் ஏற்றுவதென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரின் கையெழுத்தும் மின் ஆய்வுத் துறையின் பார்வையும் வேண்டும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் உங்கள் அமைப்புக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அனுமதி

நீலகிரியில் ஜேசிபி போன்ற மண் அள்ளும் இயந்திரத்தை ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் இயக்க முடியாது. நல்லவேளையாக இந்த வேலைக்கு அது தேவையில்லை, எல்லாக் குழியும் கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு தோண்டக்கூடியவைதான். பாதையில் மரம் நின்றால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதால் மரத்தை விட்டுப் பாதையைத் தள்ளிப் போடுவதே வேகமான வழி. மேல் நிலையம் நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அதுதான். உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

பாதை நேர்க்கோட்டில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வளைவு கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் மேடும் கூடாது, பள்ளமும் கூடாது. மேடு இருந்தால் கயிறு தரையில் தேயும். பள்ளம் இருந்தால் இழுக்கும்போது கயிறு அந்தரத்தில் எழும்பி டிராலியின் முன்பக்கத்தைத் தூக்கும். சாய்வு மாறினால் டிராலியின் தளமும் சாயும், நின்றுகொண்டிருப்பவர் தடுமாறுவார்.

மேலிருந்து கீழே நைலான் கயிறு கட்டி 3 மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து முளைக்கு முளை இறக்கத்தை அளந்து எழுதுங்கள். 30 டிகிரிக்கு ஒவ்வொரு 3 மீட்டரிலும் சரியாக 1.5 மீட்டர் இறங்க வேண்டும். தரை அப்படி இறங்காது. எங்கே தரை தாழ்கிறதோ அங்கே தூண் உயரும், அவ்வளவுதான். தூண் எங்காவது ஒரு மீட்டரைத் தாண்டினால் பாதையைச் சற்று நகர்த்திப் பாருங்கள். நகர்த்த வழியில்லை என்றால் அந்தத் தூண்களுக்கு 50×50×6 மி.மீ. இரும்பு ஆங்கிளில் குறுக்குத் தாங்கல் கொடுங்கள்.

சரிவை வெட்டிச் சமப்படுத்தவே கூடாது. நம் மலைகளில் சார்னோகைட் பாறையின் மேல் மட்கிய செம்மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. வெயிலில் கெட்டியாக நிற்கும் இந்த மண், நீர் உள்ளே ஊறி அழுத்தம் ஏறியதும் பிடிப்பை இழந்து மொத்தமாகச் சறுக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிவாங்கிய மண்சரிவுகள் இப்படித் தொடர்மழையில் வந்தவைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். தண்டவாளம் தரையிலிருந்து குறைந்தது ஒரு அடி உயரத்தில் தூண்களின் மேல் போகட்டும், கீழே மண்ணும் புல்லும் இருந்தபடியே இருக்கட்டும்.

சரிவில் ஏற்கெனவே சாய்ந்து வளைந்த மரங்கள், தரையில் அரைவட்டமான வெடிப்பு, கோடையிலும் ஈரம் கசியும் இடம், இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தப் பாதை வேண்டாம். தைல மரமும் சீகை மரமும் பக்கத்தில் இருந்தால் அவை விழுந்தால் எட்டும் தூரத்தையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் சீகைதான் முதலில் சாயும்.

நீர் வழி

எல்லோரும் மோட்டார் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை வாய்க்கால்.

சாலையில் விழும் நீர் பாதைக்குள் வராதபடி மேல் நிலையத்துக்குப் பின்னால் 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் கல் பதித்த வாய்க்கால் எடுத்து, பக்கத்து ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். பாதி வழியில் சரிவிலேயே திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் சுவருக்குக் குழி பறித்த மாதிரி ஆகும். பாதையின் இருபுறமும் வாய்க்கால் தோண்டத் தேவையில்லை, தோண்டினால் அதுவே புது ஓடையாகிவிடும். குழி எடுத்த இடத்தில் அகற்றிய புல்பத்தையை எடுத்து வைத்து, கான்கிரீட் முடிந்ததும் அதையே திரும்பப் பதியுங்கள். ஊட்டி உயரத்தில் கிக்குயூ புல் இரண்டு மாதத்தில் மூடிவிடும். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் குவாத்தமாலா புல் எளிதில் கிடைக்கும், ஆனால் அது ஆள் உயரம் வளர்வதால் தண்டவாளத்தை ஒட்டி நட வேண்டாம்.

அடித்தளம்

3 மீட்டருக்கு ஒரு வரிசை, மொத்தம் 15 வரிசை, வரிசைக்கு இரண்டு குழி. ஆக 30 குழி, ஒவ்வொன்றும் 45×45 செ.மீ., ஆழம் 90 செ.மீ. இந்த ஆழம் குறைந்தபட்சம்தான். மண்வெட்டி எளிதாக இறங்கும் வரை தோண்டிக்கொண்டே போங்கள், கடப்பாறை "ணங்" என்று திருப்பி அடிக்கும் கெட்டி மண்ணில் கடைசி 30 செ.மீ. பதிய வேண்டும். குழியின் கீழ்ச்சரிவுப் பக்கச் சுவர் சிதையாமல் வெட்டுவது முக்கியம், தூண் சாயப் பார்ப்பது அந்தப் பக்கம்தான். பெரிதாகத் தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினால் அந்தப் பிடிப்பு போய்விடும்.

ஒவ்வொரு குழியிலும் 10 மி.மீ. கம்பி நான்கு, 15 செ.மீ.க்கு ஒரு 8 மி.மீ. ரிங். மொத்தக் கம்பி சுமார் 200 கிலோ வரும். தரைக்கு மேல் 30×30 செ.மீ. பீடம் ஓரடி உயரத்துக்கு. பீடத்தில் 16 மி.மீ. ஜே போல்ட் நான்கு, அதன் மேல் 10 மி.மீ. பேஸ் பிளேட். பிளேட்டுக்கு அடியிலும் ஒரு நட்டு போட்டால் 25 மி.மீ. வரை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். பிறகு அந்த இடைவெளியில் கிரௌட் (சிமெண்ட் கூழ்) ஊற்றி மூடலாம். இந்த அடிநட்டைப் போடச் சொன்னால் கொத்தனார் தேவையில்லை என்பார். தேவை. 30 பீடத்தையும் மி.மீ. சுத்தமாக ஒரே மட்டத்தில் கட்டுவது சரிவில் நடக்காத காரியம்.

விஞ்ச் உட்காரும் மேடை 1.2×1.2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். அதன் எடையே மூன்று டன்னைத் தாண்டும். இழுவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் மொத்தம் ஏறத்தாழ 7.7 கன மீட்டர் கான்கிரீட் வரும். சிமெண்ட் 65 மூட்டை, எம்-சாண்ட் ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), 20 மி.மீ. ஜல்லி இரண்டரை யூனிட் என்று சொல்லி வையுங்கள். மொத்தம் 18 டன். இதைத் தலைச்சுமையாக 21 மீட்டர் இறக்க ஆகும் கூலியை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. விஞ்ச் மேடையையும் மேல் ஐந்து வரிசையையும் முதலில் முடித்து, 12 மீட்டர் தண்டவாளம் போட்டு, அதிலேயே மீதிச் சாமானை இறக்கிக்கொள்ளலாம். அப்போது கீழ்முனையில் பலமான தடுப்பு ஒன்று தற்காலிகமாக வேண்டும், ஆள் கண்டிப்பாக ஏறக் கூடாது.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை குழியில் நீர் நிற்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல இடைவெளி. உறைபனி விழும் இரவுகளில் கான்கிரீட்டைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும். குளிரில் அது இறுக நாளாகும் என்பதால் சமவெளிக்கணக்கில் ஏழு நாளில் சுமை ஏற்றாமல் இரண்டு வாரம் விடுங்கள்.

தண்டவாளம்

ஐ.எஸ்.எம்.சி. 100 சேனல் (100 மி.மீ. உயரமுள்ள, ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவ இரும்பு) போதும். 6 மீட்டர் நீளத்தில் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14. ஒன்றின் எடை 57 கிலோ அளவில் வரும், இரண்டு பேர் தூக்கி இறக்கலாம். 12 மீட்டர் நீளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கொண்டை ஊசி வளைவில் லாரி திணறும், சரிவில் ஆறு பேர் திணறுவார்கள். 3 மீட்டருக்கு ஒரு தாங்கல் என்பதால் எல்லா இணைப்பும் தூணின் மேலேயே விழும்.

இரு சேனலின் வாயும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும், சக்கரம் அதற்குள் ஓடட்டும். இப்படிச் செய்தால் டிராலி மேலே எழும்பவோ தடம் புரளவோ முடியாது. தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஓடும் அமைப்பு பார்க்க எளிது, ஒரு சுள்ளி போதும் அதைக் கவிழ்க்க. ஒரு சிக்கல்: இந்தச் சேனலின் விளிம்பு உட்புறம் சுமார் 6 டிகிரி சரிவானது. தட்டையான சக்கரம் ஓரத்தில் மட்டும் படிந்து கோடு கிழிக்கும். லேத்தில் சக்கரத்தை அதே சரிவில் கடையச் சொல்லுங்கள். 70 மி.மீ. விட்டம், 28 மி.மீ. அகலம், உள்ளே மூடிய 6004 பேரிங் இரண்டு. பக்கவாட்டு உரசலுக்கு நான்கு நைலான் உருளைகள் தனியாக வேண்டும்.

இரு தண்டவாளத்துக்கும் இடைவெளி 700 மி.மீ. அதில் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் டிராலி ஓரிடத்தில் சிக்கும், இன்னோர் இடத்தில் ஆடும். பட்டறையில் 700 மி.மீ.க்கு ஒரு அளவுச் சட்டம் வெட்டி வாங்கிக் கையோடு வைத்திருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஐ.எஸ்.எம்.சி. 75 குறுக்குச் சட்டம். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் இணைப்புக்கு 2 மி.மீ. இடம் விடுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழ்முனைத் துளை வட்டமாகவும் மேல்முனைத் துளை நீள்வட்டமாகவும் இருந்தால் துண்டு கீழே நழுவாது, நீளவும் இடம் இருக்கும்.

துளை, வெட்டு எல்லாம் முடித்த பிறகே ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ய வேண்டும். நீலகிரிக்காரர்களுக்குக் கோவையில் வேலை முடியும். இடத்தில் வெல்டிங் வைத்தால் துத்தநாகம் எரிந்து அந்த இடத்திலேயே துரு பிடிக்கும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் இரும்புக்கு வெறும் பெயிண்ட் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. இடத்தில் நடக்கும் எல்லா இணைப்பும் 16 மி.மீ. போல்ட்டாகவே இருக்கட்டும். சேனலின் கீழ்விளிம்பில் 3 மீட்டருக்கு ஒரு 12 மி.மீ. துளை போட்டால் மழைநீரோடு சருகும் இறங்கிவிடும்.

கயிறு, டிரம், மோட்டார்

இழுவைக் கணக்கு: மொத்த எடையைச் சாய்வின் சைன் மதிப்போடு 0.03 கூட்டிப் பெருக்குங்கள். 25 டிகிரிக்கு சைன் 0.42, 30-க்கு 0.5, 35-க்கு 0.57. நம் டிராலிக்கு 500 கிலோவை 0.53-ஆல் பெருக்கினால் சுமார் 265 கிலோ. காலி டிராலிக்கு 106 கிலோ. இந்த இரண்டாவது எண்ணும் பின்னால் வேண்டியிருக்கும், எழுதி வையுங்கள்.

8 மி.மீ. எஃகுக் கயிறு, எஃகு நடுப்புரி உள்ளது, 55 மீட்டர். இதன் அறுபடும் பலம் மூன்றரை டன்னுக்கு மேல். கடைக்காரரிடம் சோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அறுபடும் பலம் இழுவையைப் போலச் சாமானுக்கு ஆறு மடங்கு போதும் என்பார்கள், ஆளுக்குப் பன்னிரண்டு மடங்கு. நமக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே வருகிறது. சணல் நடுப்புரி உள்ளது டிரம்மில் இரண்டு அடுக்காகச் சுற்றும்போது நசுங்கும், அது வேண்டாம்.

டிரம் விட்டம் கயிற்றைப் போல 30 மடங்காவது இருக்க வேண்டும். 250 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். சிறிய டிரம்மில் கயிறு சுருண்டு சுருண்டே உள்கம்பிகள் ஒடியும், வெளியே தெரியாது. நீளம் 300 மி.மீ., இரண்டு அடுக்கு, விளிம்பு 330 மி.மீ. டிராலி கீழே போய் நிற்கும்போதும் டிரம்மில் ஐந்து சுற்று மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றின் முனையை டிரம்மோடு பிடிக்கும் போல்ட் சுமை தாங்க வைத்ததல்ல, அந்த ஐந்து சுற்றின் பிடிதான் தாங்குகிறது. டிரம்மின் நடுவும் பாதையின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க, டிரம்முக்கும் முதல் வழிகாட்டிக் கப்பிக்கும் இடையே நாலரை மீட்டர் விடுங்கள். குறைத்தால் கயிறு ஒரு பக்கமாகக் குவிந்து ஏறி, திடீரென்று சரிந்து விழும். அப்போது டிராலி ஒரு குலுங்கு குலுங்கும். சாலையோரம் அவ்வளவு இடம் இல்லை என்றால் கப்பி வைத்துக் கயிற்றைப் பக்கவாட்டில் திருப்பி டிரம்மைச் சாலைக்கு இணையாக வையுங்கள்.

டிராலிப் பக்க முனையை வளையமாக மடித்து அலுமினிய ஃபெருல் (குழல்) அழுத்தி வாங்குவது நல்லது. கிளிப் போடுவதென்றால் வளையத்துக்குள் திம்பிள் (கயிறு தேயாமல் காக்கும் உலோகக் காடி) வைத்து, மூன்று கிளிப், 50 மி.மீ. இடைவெளி. கிளிப்பின் யூ போல்ட் வெட்டிய முனை மீதும், அடிக்கட்டை சுமை தாங்கும் கயிற்றின் மீதும் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் சுமைக்கயிற்றைக் கடித்துவிடும். முதல் சுமைக்குப் பிறகு கயிறு மெலியும், உடனே நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் பட்டறைக்காரர் முதலில் வார்ம் கியரைத்தான் காட்டுவார். விலை குறைவு, "தானே லாக் ஆகும், பிரேக்கே வேண்டாம்" என்பார். அந்த லாக்கை நம்பக் கூடாது. எண்ணெய் ஊறி, பல் தேய்ந்து, அதிர்வும் சேர்ந்தால் அது மெல்ல நழுவும். மின்சாரம் போனால் இன்னொரு தொல்லை: நல்ல நிலையில் இருக்கும்போது அது லாக் ஆகி டிராலி நடுவழியில் நிற்கும், கையால் சுற்றி இறக்க ஆயிரக்கணக்கான சுற்று வேண்டும். ஹெலிகல்-பெவல் கியர்பாக்ஸ் விலை கூடுதல், ஆனால் பிரேக்கைக் கைப்பிடியால் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் டிராலி தானே இறங்கும். 60-க்கு 1 விகிதம், 1440 சுற்று மோட்டார் என்றால் வேகம் வினாடிக்கு 33 செ.மீ. அளவில் வரும். முழுப் பயணமும் இரண்டு நிமிடம் சொச்சம். 2 எச்.பி. தாராளம். மோட்டார்களின் திறன் 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் என்று வைத்துக் குறிக்கப்படுகிறது. 2000 மீட்டரில் காற்று மெலிந்து குளிர்ச்சி குறைந்தாலும் வெளிக்குளிர் அதை ஈடுகட்டிவிடும். பெரிய மோட்டார் வேண்டாம். தேவைக்கு மேல் பலமுள்ள மோட்டார், சிக்கிய டிராலியையும் விடாமல் இழுத்து எதையாவது ஒடித்துவிடும்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான் என்றால் 230 வோல்ட் உள்வாங்கி மூன்று பேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடுங்கள், மோட்டாரை டெல்டாவில் இணையுங்கள். இறங்கும்போது சுமை மோட்டாரை ஓட்டும் என்பதால் அப்போது உண்டாகும் மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் பிரேக்கிங் ரெசிஸ்டர் கட்டாயம். மோட்டார் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து மின்சாரத்தால் விடுபடும் வகை, 20 நியூட்டன் மீட்டர். எலக்ட்ரீஷியன் அடிக்கடி செய்யும் தவறு, பிரேக் காயிலை வி.எஃப்.டி.யின் வெளிவரும் ஒயரிலேயே இணைத்துவிடுவது. குறைந்த வேகத்தில் அங்கே வோல்டேஜ் போதாது. பிரேக் பாதி பிடித்தபடி உரசும், ஒரே மாதத்தில் லைனிங் போய்விடும். அதற்குத் தனி இணைப்பு கொடுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒடிந்தால் மோட்டார் பிரேக் இருந்தும் பயனில்லை, ஆகவே டிரம் விளிம்பையே பிடிக்கும் இரண்டாவது பிரேக்கும் வேண்டும்.

தளர்ந்த கயிறு

இந்த அமைப்பில் மிக ஆபத்தான தருணம் கயிறு அறுவதல்ல, தளர்வது. டிராலி இறங்கும்போது ஒரு சுள்ளியிலோ கல்லிலோ சிக்கி நிற்கிறது. டிரம் அதை அறியாமல் கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு மீட்டர் கயிறு தளர்ந்து கிடக்கும்போது சுள்ளி ஒடிகிறது. டிராலி அந்த இரண்டு மீட்டரும் தடையில்லாமல் பாய்ந்து, கயிறு விறைக்கும் கணத்தில் கயிறோ கிளிப்போ அச்சோ பல மடங்கு அடி வாங்குகிறது. எழுதிவைத்த பன்னிரண்டு மடங்கெல்லாம் இங்கே கரைந்துவிடும்.

ஆகவே டிரம்முக்கு முன்னால் கயிற்றின் மேல் ஒரு சிறு உருளையை ஸ்பிரிங் வைத்து அழுத்தி, கயிறு தளர்ந்து உருளை தாழ்ந்தவுடன் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் போடுங்கள். சில நூறு ரூபாய் லிமிட் சுவிட்ச்தான், இதை விட்டுவிட்டு வேறு எதில் செலவு செய்தாலும் வீண்.

டிராலியில் பிடிப்பான் தனியாக வேண்டும். கயிறு டிராலியை நேராக இழுக்காமல் ஒரு இழுப்புத் தண்டை இழுக்கட்டும். அந்தத் தண்டு பல் வெட்டிய இரண்டு கேம்களை (அச்சில் திரும்பிக் கவ்வும் உலோகத் துண்டுகளை) தண்டவாளத்திலிருந்து விலக்கி வைத்திருக்கும். இழுவை குறைந்ததும் ஸ்பிரிங் தண்டைத் தள்ளி, கேம்கள் சேனலின் விளிம்பைக் கவ்வும். சறுக்கல் கூடக்கூடக் கேம் இன்னும் இறுகும். இரண்டு கேமும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கவ்வினால் டிராலி கோணி நிற்கும். ஸ்பிரிங்கின் பலம் எவ்வளவு? கயிறு டிரம் பக்கத்தில் அறுந்தால் 40 மீட்டர் கயிறு வாலாக இழுபட்டுச் சிறிது இழுவை கொடுத்துக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங் அதை வெல்ல வேண்டும். அதே சமயம் காலி டிராலியின் 106 கிலோ இழுவையில் தவறிக் கவ்வவும் கூடாது. 40 கிலோவுக்கு வைத்தால் இரண்டும் சரியாகும்.

கட்டுப்பாடு

மேலும் கீழும் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் பட்டன், 24 வோல்ட்டில். விரலை எடுத்தால் நிற்க வேண்டும். சாவி இல்லாமல் இயங்கக் கூடாது, குரங்குகள் பட்டன் அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். இரு முனையிலும் இரண்டிரண்டு லிமிட் சுவிட்ச்: முதலாவது நிறுத்துவதற்கு, அரையடி தள்ளி இரண்டாவது மொத்த மின்சாரத்தையும் வெட்டும் மெயின் கான்டாக்டரையே விழச் செய்வதற்கு. பாதையோரமாக 42 மீட்டரும் கன்வேயர் பெல்ட்டுக்குப் போடும் புல்-கார்டு சுவிட்சை ஓட்டிவிட்டால் டிராலியில் இருப்பவரோ படியில் நடப்பவரோ எங்கிருந்தும் இழுத்து நிறுத்தலாம். கீழ்முனையில் ரப்பர் பஃபர்.

கோடை இடி மின்னலுக்கு இரு தண்டவாளமும் மேலும் கீழும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். பாறை மண்ணில் எர்த் எளிதில் கிடைக்காது. தாமிரம் பூசிய தண்டும் பென்டோனைட் களிமண் கலவையும் போட்டு, மீட்டரில் 5 ஓமுக்குள் காட்டும் வரை தண்டுகளைக் கூட்டுங்கள். சப்ளையில் சர்ஜ் தடுப்பான் ஒன்று. வி.எஃப்.டி.க்கு முன்னால் சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியன் எரிச்சலில் அதைக் கழற்றிவிடுவார். கழற்ற விடாதீர்கள், டைப் பி வாங்குங்கள்.

காட்டெருமை வரும் இடமாக இருந்தால் பாதையைச் சுற்றி வேலி போடாமல் கீழ் நிலையத்துக்கு மட்டும் கேட் வையுங்கள். பழகிய தடத்தை மறித்தால் அது வேலியையும் தாண்டும், தண்டவாளத்தையும் வளைக்கும். இரவில் ஓட்டுவதற்கு முன் பாதை முழுதும் தெரியும்படி விளக்கு இருக்க வேண்டும்.

சோதனை

எடை போட்ட மணல் மூட்டையில் 375 கிலோ ஏற்றி, ஆள் இல்லாமல் ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். நடுவில் மெயினை அணையுங்கள், ஓரடிக்குள் நிற்க வேண்டும். பிடிப்பானைச் சோதிக்க, கீழ்முனையிலிருந்து ஒரு மீட்டர் மேலே டிராலியைச் சணல் கயிற்றால் தூணில் கட்டி, விஞ்சைச் சிறிது விட்டு இரும்புக் கயிற்றைத் தளர்த்துங்கள். கேம்களை ஒருவர் தடிக்கட்டையால் விலக்கிப் பிடிக்கக் கூடாது, ஒரு முளை வைத்து விலக்கி, அதில் நீளக் கயிறு கட்டித் தூர நின்று இழுத்துவிட்டுப் பிறகு சணலை வெட்டுங்கள். 30 செ.மீ.க்குள் டிராலி நிற்க வேண்டும். கீழே யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லவும் வேண்டுமா? ஒவ்வொரு முறையும் யாராவது படம் எடுக்க அங்கேதான் போய் நிற்பார்கள், ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

பராமரிப்பு

பழனியில் ரோப்காரை மாதம் ஒரு நாளும் வருடத்துக்கு ஒருமுறை நீண்ட நாட்களும் நிறுத்தி வேலை பார்க்கிறார்கள். வீட்டு விஞ்சுக்கு மாதம் ஒரு காலைப்பொழுது போதும். கயிற்றைத் தோல் கையுறையோடு, விஞ்ச் நிற்கும்போது மட்டும், துண்டு துண்டாகத் தடவிப் பாருங்கள். ஒரு முறுக்கு நீளத்தில் (ஒரு புரி கயிற்றை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் நீளம்) ஆறு கம்பி ஒடிந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று ஒடிந்திருந்தாலோ, விட்டம் 7.2 மி.மீ.க்குக் குறைந்திருந்தாலோ கயிறு மாற வேண்டும். கெட்டி கிரீஸ் பூசினால் மணல் ஒட்டி அரம் போல அறுக்கும், உள்ளே ஊறும் கயிறு எண்ணெய்தான் பூச வேண்டும். கேம்களில் துரு சேர்ந்து ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம், மாதம் ஒருமுறை கையால் அசைத்து ஸ்பிரிங் திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் வாய்க்காலைத் தூர்வாருங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் 700 மி.மீ. அளவுச் சட்டத்தைத் தண்டவாளத்தில் வைத்து மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். ஒரு வரிசை மட்டும் 3 மி.மீ. நகர்ந்திருந்தால் அடிநட்டில் சரிசெய்யலாம். அடுத்தடுத்து மூன்று வரிசை ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் நகர்வது தூணல்ல, சரிவு. மெயினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை படியிலேயே இறங்குங்கள்.